வாராந்திரக் கூட்டங்களைக் குறைக்கலாமா?

கேள்வி: எங்கள் ரோட்டரி சங்கத்தின் வாராந்திரக் கூட்டத்துக்கு வருவோர் குறைந்துவிட்டதால், அந்த நேரத்தைச் சேவைப் பணிகளுக்கே ஒதுக்கலாம் என்று உறுப்பினர் சிலர் வலியுறுத்துகிறார்கள். விதிகள் இதற்கு இடம் தருகின்றனவா?

பதில் 1: தருகின்றன. 2016-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், மாதம் இரண்டு கூட்டங்களாவது நடத்தினால் போதும்.

பதில் 2: விதி அனுமதித்தாலும் அவசரப்படாதீர்கள், ஐயா. ரத்ததான முகாமுக்குக் கொடையாளர்களை யார் அழைப்பது, ரத்த வங்கியோடு யார் பேசுவது, முகாம் முடியும்வரை பதிவு மேசையில் யார் அமர்வது என்பதெல்லாம், உறுப்பினர்கள் அடிக்கடி முகம் பார்த்துப் பேசிக்கொள்ளும் சங்கங்களில்தான் தயக்கமின்றி முடிவாகின்றன. 1985-இல் ரோட்டரி தொடங்கிய போலியோ ஒழிப்புப் பணி இன்றும் தொடர்கிறது. அத்தகைய நெடும்பணிக்கு இந்தப் பழக்கம் மிகவும் தேவை.

பதில் 3: சிறப்புரை நீண்டு, பணிகளைப் பற்றிப் பேசச் சில நிமிடங்களே மிஞ்சினால் எவருக்கு வர மனம் வரும்? பணி நிலவரத்தையும் வரவு செலவையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.