அறுபதைக் கடந்தவர்கள் அலிபிரி படியேறலாமா?

நகரிப் பெண்:
எல்லோருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 64 வயது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். தம்பிக்கு வேலை கிடைத்தால் திருமலைக்கு நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டிருந்தார். வேலை கிடைத்துவிட்டது, புரட்டாசிக்குள் ஏறியே தீர வேண்டும் என்கிறார். தேவஸ்தானமோ 60 வயதுக்கு மேற்பட்டவர்களும் சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி உள்ளவர்களும் நடந்து வராமல் இருப்பதே நல்லது என்று 2024 அக்டோபரில் அறிவுறுத்தியிருக்கிறது. அலிபிரி வழியில் 3550 படிகள், ஸ்ரீவாரி மெட்டில் 2388. படி குறைந்த வழியில் அழைத்துப் போகலாமா, இல்லை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

அரக்கோணம் பஜனைக்காரர்:
தாராளமாக அழைத்துப் போங்கள் தங்கச்சி. எங்கள் கோஷ்டியில் எழுபது வயதுப் பாட்டிகள் வருகிறார்கள். அலிபிரி வழியின் நடுவே வரும் காலிகோபுரம் வரை மூச்சு வாங்கும், அதற்குப் பிறகு காலே தானாக நடக்கும். மலைச் சாலை போட்டது 1944இல். அதற்கு முன்னால் எல்லோரும் படியேறித்தானே பெருமாளைச் சேவித்தார்கள்? அவர்களுக்கு வயதாகவில்லையா? இப்போது அறுபது வயது என்றாலே ஆளை மூலையில் உட்கார வைக்கப் பார்க்கிறார்கள்.

சித்தூர் செவிலியர்:
ஐயா, 1944க்கு முன்னால் எல்லோரும் நடக்கவில்லை. முடியாதவர்களை டோலியில் தூக்கிப் போனார்கள். ஏறும்போதே சாய்ந்தவர்களைப் பற்றி யாரும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவதில்லை, அதனால் நமக்கு ஏறி முடித்தவர்களின் கதை மட்டும் கிடைக்கிறது.

நகரிச் சகோதரிக்கு: வயதை விடுங்கள், சர்க்கரையைப் பாருங்கள். நாள்பட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சு வலிக்காமலே இருக்கலாம். வெறும் மூச்சுத்திணறல், குமட்டல், சோர்வு, வியர்வை. படியேறும் யாருக்குத்தான் மூச்சும் வியர்வையும் இல்லை? அதனால் கூட இருப்பவருக்கே வித்தியாசம் தெரியாது. வெறும் வயிற்றில் ஏறுவது இன்னொரு ஆபத்து. கிளிமெபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் ஏறினால் சர்க்கரை சட்டென்று இறங்கும். அழுத்தத்துக்கு மெட்டோபுரோலால் வகை மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் படபடப்பு, நடுக்கம் என்ற முன்னறிவிப்பும் மங்கிப்போகும். தேவஸ்தானம் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சந்திரகிரி வாசி:
இந்தப் படிக் கணக்கில் ஏமாறாதீர்கள். ஸ்ரீவாரி மெட்டு எங்கள் ஊர்ப் பக்கம், ஸ்ரீனிவாச மங்காபுரம் தாண்டித் தொடங்குகிறது. படி குறைவு என்பதால் சுலபம் என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு வழியும் போய்ச் சேருவது ஒரே திருமலைதான். அலிபிரியில் சுமார் 9 கிலோமீட்டரில் ஏறுவதை இங்கே 2 கிலோமீட்டர் சொச்சத்தில் ஏறியாக வேண்டும். நல்ல கால் உள்ளவனுக்கு நேரம் மிச்சம். அம்மா மாதிரி ஆளுக்கு இது செங்குத்து.

அலிபிரியின் குணம் வேறு. பாதிக்கு மேற்பட்ட படிகள் காலிகோபுரம் போய்ச் சேர்வதற்குள்ளேயே முடிந்துவிடும். அப்புறம் மான் பூங்காவை ஒட்டிச் சமதளமும் சிறு ஏற்றமுமாக நெடுந்தூரம் போகும். கடைசியில், ஆள் களைத்த நேரம் பார்த்து, மோகாள்ள மெட்டு என்ற செங்குத்துப் படிக்கட்டு வந்து நிற்கும். முதல் பாதியில் வீராப்புக் காட்டியவர்கள் அங்கேதான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள்.

அரக்கோணம் பஜனைக்காரர்:
மோகாள்ள மெட்டைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை விட்டுவிட்டீர்கள். காலால் மிதிக்கக் கூடாத மலை என்று ராமானுஜர் முழங்காலால் ஏறினார் என்பது ஐதீகம். அங்கே அவருக்குச் சன்னிதியே இருக்கிறது. நாம் மாத்திரைப் பெயரை அடுக்கிக்கொண்டிருக்கிறோம்.

சித்தூர் செவிலியர்:
பாஷ்யகாரர் என்கிற அந்த ராமானுஜர் சன்னிதியிலேயே மருத்துவ உதவியும் இருக்கிறது ஐயா. 1500ஆவது படியிலும் காலிகோபுரத்திலும்கூட வைத்திருக்கிறார்கள். தேவை இல்லாமலா வைத்தார்கள்?

திருப்பதி மாணவன்:
இருவரும் உடம்பைப் பற்றியே பேசுகிறீர்கள். அது சேஷாசலக் காடு. 2023 ஆகஸ்டில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது இதே அலிபிரி வழியில்தான். அதன் பிறகுதான் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பிற்பகல் 2 மணிக்கு மேல் விடுவதில்லை என்று அறிவித்தார்கள், பக்தர்கள் கையில் தடி கொடுத்தார்கள். அம்மா மெதுவாகத்தான் ஏறுவார். மெதுவாக ஏறுபவர் மதியம் புறப்பட்டால் காட்டிலேயே இருட்டிவிடும். கும்பலிலிருந்து பின்தங்குவதும் அவர்தான். விடிந்ததும் கிளம்புங்கள்.

சந்திரகிரி வாசி:
தம்பி சொல்வது சரி. நேர விதியும் தரிசன டோக்கன் விதியும் அடிக்கடி மாறும், போகும் வாரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். பழைய வீடியோவை நம்பி வருபவர்களுக்கு வழி சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலிக்கிறது.

நகரிப் பெண்:
அம்மாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். “படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுவேன், அவன் பார்த்துக்கொள்வான்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

சித்தூர் செவிலியர்:
படிக்குப் படி குனிந்து நிமிர்ந்தா? 3550 தடவையா? சகோதரி, வேண்டுதலில் அது இருந்ததா என்று கேளுங்கள். நடந்து வருகிறேன் என்பது வேறு, படிக்குப் படி மஞ்சள் பூசுவது வேறு. அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் குனிந்து நிமிரும்போது தலை சுற்றினால் பின்னால் இருப்பது கருங்கல் படி.

அரக்கோணம் பஜனைக்காரர்:
இதில் மட்டும் செவிலியர் அம்மா சொல்வதை ஏற்கிறேன். முதல் படியிலும் கடைசிப் படியிலும் வைத்தால் போதும் என்று எங்கள் குருசாமியே சொல்வார். ஆனால் ஏறவே கூடாது என்பதை ஏற்க மாட்டேன். வேண்டிக்கொண்டதைச் செய்யாமல் வீட்டில் இருக்கும் மனுஷிக்கு வரும் வேதனையை எந்த மானிட்டரில் பார்ப்பீர்கள்?

சித்தூர் செவிலியர்:
ஏறவே கூடாது என்று நான் எங்கே எழுதினேன்? பரிசோதனை இல்லாமல் ஏறக் கூடாது என்கிறேன். இதய மருத்துவரிடம் போய் ஈசிஜி, எக்கோ, அவர் சொன்னால் டிரெட்மில் சோதனை. கண்ணைப் பார்க்கிற மாதிரி பாதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்காலோடு சுடுகல்லில் நடந்து கொப்புளம் வந்தாலும் தெரியாது, அந்தப் புண் ஆறுவதற்குள் வருஷம் திரும்பிவிடும்.

அரக்கோணம் பஜனைக்காரர்:
டிரெட்மில் எதற்கு? திருத்தணியில் 365 படி இருக்கிறது. நகரியிலிருந்து கூப்பிடு தூரம். வாரம் ஒருமுறை ஏறட்டும். அது பழகியதும் சோளிங்கர் பெரிய மலை, 1305 படி. அதை ஏறி இறங்கிய உடம்புக்கு அலிபிரி ஒன்றும் செய்யாது.

சித்தூர் செவிலியர்:
அடைப்பு இருக்கிறதா என்று தெரியாமலே சோளிங்கரில் சோதித்துப் பார்ப்பதா? அங்கே நடுப்படியில் நெஞ்சைப் பிடித்தால் என்ன செய்வீர்கள்? முதலில் மருத்துவர், பிறகு திருத்தணி, பிறகு சோளிங்கர். வரிசையை மாற்றாதீர்கள்.

திருப்பதி மாணவன்:
சோளிங்கரில் இப்போது ரோப்கார் வந்துவிட்டது. அம்மா அதைப் பார்த்தால் படியேற மாட்டார்!

நகரிப் பெண்:
ரோப்காரைப் பற்றி அம்மாவிடம் மூச்சுவிட மாட்டேன். திங்கட்கிழமை மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், அதற்கு மட்டும் சம்மதித்தார். இன்னொரு சந்தேகம். வழியில் முடியவில்லை என்றால் எந்த இடத்தில் வண்டி ஏறலாம்?

சந்திரகிரி வாசி:
காலிகோபுரம் வரை வண்டியை நினைக்கவே வேண்டாம், படிதான். மான் பூங்காவுக்கு மேலே நடைபாதை, வண்டிகள் கீழிறங்கும் மலைச் சாலையை ஒட்டி வரும். அது ஒருவழிச் சாலை, அங்கே வண்டி ஏறினால் கீழே திருப்பதிக்குத்தான் போவீர்கள். ஆகவே காலிகோபுரத்தில் அரை மணி நேரம் உட்காரவைத்து, சாப்பிடவைத்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து முடிவெடுங்கள். சாமான் பையை அலிபிரியிலேயே கொடுத்துவிட்டால் இலவசமாக மேலே கொண்டுவந்து தருவார்கள். மாத்திரையையும் சர்க்கரைப் பொட்டலத்தையும் அந்தப் பையில் வைத்துத் தொலைக்காதீர்கள், உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும்.