மகனைத் தேடும் தாயின் துயரமும் வேட்கைதானா?

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து)

வணக்கம். கொழும்பில் போயா (பௌர்ணமி) தினங்களில் கூடும் ஒரு சிறிய தியானக் குழுவில் சில காலமாகப் பங்குபற்றி வருகிறேன். பிக்கு ஒருவர் சிங்களத்தில் ஆற்றும் உரையை எங்களில் ஒருவர் தமிழில் எடுத்துச் சொல்வார். அதன் பின்னர் மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதிப் பயிற்சியில் அமர்வோம். சென்ற போயாவில் நான்கு உன்னத உண்மைகளைப் பற்றிய உரை நடைபெற்றது. துக்கத்துக்குக் காரணம் வேட்கை, வேட்கை அற்றால் துக்கம் அறும் என்று கேட்டதும் என் அருகில் இருந்த பெரியம்மாவின் முகம் வாடிப்போயிற்று. அவருடைய மகன், என் அண்ணா, 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர். வீடு திரும்பும் வழியில் பெரியம்மா, "அப்பிடியெண்டால் நான் அவனைத் தேடுறதும் பிழையோ, பிள்ளை?" என்று கேட்டார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தப் பயிற்சியால் நான் பயனடைந்திருக்கிறேன்; குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் பொருளாசையால் வரும் துன்பத்தையும் பிள்ளைப் பாசத்தால் வரும் துன்பத்தையும் வேறுபாடின்றி ஒன்றாகச் சொல்வதாகவே அந்த உரை என் காதில் விழுந்தது. மூல நூல்களைக் கற்றவர்கள் விளக்கம் தருவீர்களா?

மறுமொழி (தெகிவளையிலிருந்து)

சகோதரி, உங்கள் பெரியம்மாவின் கேள்வி புத்தரின் காலத்திலேயே எழுந்த கேள்வி. புத்தரின் உரைகளைத் தொகுத்த பாளி நூல்களில் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தின் 87ஆவது சூத்திரத்தில், ஒரே மகனைப் பறிகொடுத்து, தொழிலும் உணவும் வெறுத்துப்போய், சுடலைக்குச் சென்று "என் ஒரே மகனே, எங்கே இருக்கிறாய்?" என்று அழுது திரியும் ஒரு குடும்பத்தலைவர் வருகிறார். அன்புக்குரியவர்களிடமிருந்தே துயரம் பிறக்கிறது என்று புத்தர் சொன்னதும், இல்லை, அவர்களிடமிருந்து மகிழ்ச்சிதான் பிறக்கிறது என்று மறுத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். செய்தி கோசல மன்னன் பசேனதியின் காதுக்கு எட்டுகிறது. அவனுக்கும் அது உடன்பாடாக இல்லை. அரசி மல்லிகையோ அவனிடம், நம் மகள் வஜிரிக்கு ஏதேனும் நேர்ந்தால் உங்களுக்குத் துயரம் வருமா, வராதா என்று கேட்கிறாள். அவன் உண்மையை ஒப்புக்கொள்கிறான்.

மகளை நேசித்தது குற்றம் என்று அந்தச் சூத்திரத்தில் எவரும் சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். அத்தகைய இன்னொரு தொகுப்பான சம்யுத்த நிகாயத்தில் உள்ள இரண்டு அம்புகளின் சூத்திரத்தையும் சேர்த்து வாசியுங்கள்; ஓர் அம்பு பட்டவன்மேல் இரண்டாவது அம்பும் பாய்வதை அது உவமையாகச் சொல்கிறது. பெரியம்மாவின் பிரிவுத்துயரம் முதல் அம்பு. "அன்றைக்கு நான் அவனை வெளியே விட்டிருக்கக் கூடாது" என்று தன்னையே குற்றஞ்சாட்டும் நினைவு இரண்டாம் அம்பு. பயிற்சி அந்த இரண்டாவதற்கே மருந்து என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

மறுமொழி (கொட்டாஞ்சேனையிலிருந்து)

மேலே எழுதியவரின் பரிவை மதிக்கிறேன். ஆயினும் ஒரு திருத்தம் தேவை. அந்தச் சூத்திரத்தில் முதல் அம்பு என்பது உடலின் வலி மட்டுமே. புலம்பலும் மனத்துயரமும் முழுவதுமாக இரண்டாம் அம்பில் அடங்குகின்றன. பிரிவுத்துயரத்தை முதல் அம்பில் சேர்ப்பது நமக்கு ஆறுதல் தரலாம், ஆனால் நூல் அதைச் சொல்லவில்லை. விழிப்படைந்தவரிடத்தில் அந்தத் துயரமும் இல்லை என்பதே போதனை, அது கடுமையானதுதான்.

ஆனால் அந்த நிலை நெஞ்சு வறண்டுபோவதால் வருவதன்று. தலைமைச் சீடர்களான சாரிபுத்தரும் மொக்கல்லானரும் மறைந்த பின்னர், இந்தச் சபை தனக்கு வெறுமையாகத் தோன்றுவதாகப் புத்தரே பிக்குகளிடம் கூறியதைச் சம்யுத்த நிகாயம் பதிந்துவைத்திருக்கிறது. அவர் துயருறவில்லை, அவர்கள் இல்லாத குறையை மறைக்கவும் இல்லை. எனக்கு இந்த இடம் நூல் முழுவதிலும் மிக அருமையான இடங்களில் ஒன்று.

தமிழில் வாசிக்க விரும்பினால் மணிமேகலையின் இறுதிக் காதையை எடுத்துக்கொள்ளுங்கள். பௌத்தத் துறவியான அறவண அடிகள், ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பேதைமை முதல் வினைப்பயன் வரையான பன்னிரு சார்புகளை அங்கே விளக்குகிறார். அந்த வரிசையில் நுகர்வை, அதாவது இன்ப துன்ப உணர்வை, அடுத்தே வேட்கை வருகிறது. மகனின் பழைய சட்டையைக் காணும்போது நெஞ்சில் எழும் வலி நுகர்வு. அது தானாகவே எழுகிறது, அதற்காக எந்தத் தாயையும் எவரும் கேள்வி கேட்க முடியாது. அந்த வலியை விரட்டவோ இறுகப் பற்றிக்கொள்ளவோ மனம் பாயும் அடுத்த கணத்தில்தான் பயிற்சிக்கு வேலை இருக்கிறது.

மறுமொழி (பம்பலப்பிட்டியிலிருந்து)

நூல் விளக்கத்தை மற்றவர்கள் தந்துவிட்டார்கள்; பெரியம்மா கேட்டதற்கு நேரடியாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். தேடுவது பிழையன்று. துக்கம் அறுவதற்குப் புத்தர் காட்டிய எண்வழிப் பாதையில் நல்முயற்சியும் ஓர் உறுப்பு. மகனுக்கு என்ன நடந்தது என்று அறிய மனுக்கொடுப்பதையும், அவனது படத்தை ஏந்தி வீதியில் நிற்பதையும் கைவிடும்படி அந்தப் பாதை எந்தத் தாயிடமும் கேட்பதில்லை.

கணவனையும் இரு பிள்ளைகளையும் பெற்றோரையும் சகோதரனையும் இழந்து சித்தம் கலங்கி வந்த படாசாராவிடம் புத்தர் முதலில் சொன்னது, "சகோதரியே, நினைவைத் திரும்பப் பெறு" என்பதே என்று தம்மபத உரை கூறுகிறது. போதனை அதற்குப் பிறகே வந்தது. இந்த வரிசையை நாமும் பின்பற்ற வேண்டும். ஆகவே பெரியம்மாவை இப்போது பத்து நாள் மௌனப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டாம். முடிவு தெரியாத இழப்பைச் சுமப்பவர்கள் கண்ணை மூடி நீண்ட நேரம் அமரும்போது பழைய காட்சிகள் பெருகி வரக்கூடும். கண் திறந்தபடி நடைத்தியானம், சிறிது நேர மைத்திரி பாவனை (எல்லா உயிர்களிடமும் அன்பை வளர்க்கும் தியானம்) ஆகியவை போதும். உறக்கம் கெட்டிருந்தால் உளவள ஆலோசகர் ஒருவரையும் நாடுங்கள்.

அடுத்த போயாவில் உரை முடிந்ததும், மொழிபெயர்ப்பவரை உடன் அழைத்துக்கொண்டு பிக்குவைத் தனியே சந்தியுங்கள். பெரியம்மா தன் கேள்வியைத் தன் வாயாலேயே கேட்கட்டும். அன்றைக்கு அவருக்கு வர மனமில்லாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.