விரத நாளில் ஸ்டீராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடலாமா?

காவிரிக்கரை:
வணக்கம். அம்மாவுக்கு 61 வயது, முடக்குவாதம். காலையில் விரல் மூட்டெல்லாம் இறுகிப்போய் காபி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் இருந்தார். போன மாதம் டாக்டர் வைசலோன் 10 (பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை) எழுதிக் கொடுத்தார், காலை உணவுக்குப் பிறகு ஒன்று. வீக்கம் நன்றாக வடிந்திருக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் அம்மா குளித்து, பூஜை முடித்து, பத்தரை மணிக்குத்தான் சாப்பிட உட்காருவார். அதனால் ஆறு மணி காபியோடு மாத்திரையை விழுங்கிவிடுகிறார், கூடவே நெஞ்செரிச்சலுக்குக் கொடுத்த பான்டோப்ரசோலையும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை விரதம், அன்றைக்கு மாத்திரையே கிடையாது. "ஒரு நாள் போடாவிட்டால் என்ன ஆகிவிடும்" என்கிறார். காபியும் இரண்டு பிஸ்கட்டும் போதுமா? எதையாவது சொல்லி அம்மாவைச் சம்மதிக்க வைக்கணும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெடிக்கல்_மேசை:
நான் மருந்தாளுநர். முதலில் வெள்ளிக்கிழமை விஷயம், அதுதான் பெரியது. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி நம் உடம்புக்கு வேண்டிய கார்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டைத் தானே சுரக்கும், விடியற்காலையில்தான் அதிகம். வெளியிலிருந்து மூன்று நான்கு வாரத்துக்கு மேல் தினமும் ஸ்டீராய்டு போனால் அந்தச் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அசதி, தலைசுற்றல், வாந்தி, பிரஷர் இறங்குவது என்று ஆபத்தில் கொண்டுபோய் விடலாம். அதனால்தான் நிறுத்தும்போதுகூட டாக்டர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். வாரம் ஒரு நாள் விடுவது நல்ல பழக்கம் இல்லை. மறந்துவிட்டால் அன்றைக்கே ஞாபகம் வந்தவுடன் சாப்பாட்டோடு போடலாம், மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

காபி, பிஸ்கட் போதாது. வெறும் வயிற்றில் காபியே சிலருக்கு எரிச்சல் தரும். இரண்டு இட்லி, கொஞ்சம் பொங்கல், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு டம்ளர் பாலும் வாழைப்பழமும். உணவோடு போட்டால் மருந்தின் வேலை குறைந்துவிடாது. பான்டோப்ரசோல் இதற்கு நேர் எதிர், அது சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் வெறும் வயிற்றில் போகணும். இரண்டையும் ஒன்றாக விழுங்குபவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஸ்டீராய்டைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது, ராத்திரிக்குத் தள்ளினால் தூக்கம் கெடும்.

இன்னொன்று: அம்மா மூட்டு வலிக்குத் தனியாக வேறு மாத்திரை ஏதாவது போடுகிறாரா?

நெல்லை_அக்கா:
எனக்கும் இதே வியாதிதான், பல வருஷமாக இந்த மாத்திரையோடு வாழ்கிறேன், நானும் வெள்ளிக்கிழமை விரதத்தை விட மாட்டேன். தங்கச்சி, அம்மாவிடம் விரதத்தை விடச் சொல்லாதே, நேரத்தை மட்டும் மாற்றச் சொல். நான் ஆறரைக்கே குளித்து விளக்கேற்றிவிடுவேன், ஏழு மணிக்குப் பாலும் பழமும் அம்மனுக்குப் படைத்துவிட்டு அதையே சாப்பிட்டு மாத்திரையைப் போடுவேன். பால் பழம் விரதத்தில் சேர்ந்ததுதான், எங்கள் வீட்டில் பெரியவர்கள்கூட அப்படித்தான் இருந்தார்கள். மற்ற பூஜையை நிதானமாக அப்புறம் செய்யலாம். ஆனால் சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர் என்றால் விரதமே டாக்டரைக் கேட்டுத்தான், ஏனென்றால் சாப்பிடாமல் இருந்து சர்க்கரை இறங்கிவிட்டால் அது வேறு தொல்லை.

சர்க்கரை இல்லாவிட்டாலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். காலையில் இந்த மாத்திரையைப் போட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் சாயங்காலமும்தான் சர்க்கரை ஏறும். காலை வெறும் வயிற்றில் மட்டும் எடுத்தால் நார்மல் என்று காட்டிவிடும், நாமும் நம்பிவிடுவோம். அப்புறம் பசி. சாப்பிட்ட கை காயும் முன்னே மறுபடியும் பசிக்கும், அந்த நேரத்தில் முறுக்கு டப்பா கைக்கு எட்டாமல் இருக்கணும். சுண்டல், வெள்ளரிக்காய், மோர் வைத்துக்கொடு. ஊறுகாய், அப்பளம், வடகம் எல்லாம் பாதியாவது குறையணும், உப்பு சேர்ந்தால் முகமும் காலும் வீங்கும்.

காவிரிக்கரை:
ரொம்ப நன்றி அக்கா. பால் பழம் யோசனையை அம்மாவிடம் சொன்னதும் "அது சரி, அப்படிச் செய்யலாமே" என்றார்! சர்க்கரை இதுவரை இல்லை, இந்த வாரம் சாப்பாட்டுக்குப் பிறகும் பார்க்கிறேன்.

மெடிக்கல்_மேசை, நீங்கள் கேட்ட பிறகு டப்பாவைப் பார்த்தேன். பழைய அசிக்ளோஃபினாக் பட்டை ஒன்று பாதி காலியாக இருக்கிறது. முழங்கால் வலித்தால் போட்டுக்கொள்வாராம். இருமலுக்கு அதிமதுரம் போட்டு கஷாயமும் தினமும் குடிக்கிறார்.

மெடிக்கல்_மேசை:
அந்தப் பட்டையை இன்றைக்கே எடுத்து வைத்துவிடுங்கள், டாக்டரைக் கேட்காமல் திரும்பக் கொடுக்க வேண்டாம். ஸ்டீராய்டு மட்டும் என்றால் வயிற்றுப் புண் அபாயம் அவ்வளவு பெரிதில்லை. அசிக்ளோஃபினாக், டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை ஒன்று சேரும்போதுதான் அது பல மடங்கு ஏறுகிறது, இந்த வயதில் இன்னும் கூடுதல். ரத்தத்தில் கலந்த பிறகும் இவை வயிற்றின் உள்பூச்சைப் பலவீனமாக்கும் என்பதால், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் மட்டும் தப்பித்துவிட முடியாது. முழங்கால் வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, காபித்தூள் நிறத்தில் வாந்தி வந்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

அதிமதுரமும் வேண்டாம். அதிலிருக்கும் கிளைசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றும். ஸ்டீராய்டும் அதே பக்கம்தான் இழுக்கும், பிரஷர் ஏறிவிடும். இருமல் நிற்கவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், ஸ்டீராய்டு எடுப்பவருக்கு நோய்த்தொற்று சீக்கிரம் பிடிக்கும், காய்ச்சல் பெரிதாகக் காட்டாமலும் இருக்கும்.

மல்லிகைப்பூ:
சின்ன விஷயம். என் பையனுக்கு நெஃப்ராடிக் சிண்ட்ரோமுக்காக (சிறுநீரில் புரதம் கசியும் சிறுநீரக நோய்) இதே மருந்து கொடுத்தோம். நாக்கில் பட்டால் கசப்பு தாங்காது, உடனே கரைய ஆரம்பித்துவிடும். அம்மாவும் கசப்புக்குப் பயந்துதான் காபியோடு போடுகிறாரோ? ஒரு வாய் தயிர்சாதத்துக்கு நடுவில் வைத்து விழுங்கச் சொல்லுங்கள், எங்களுக்கு அதுதான் கைகொடுத்தது. சில பிரெட்னிசலோன் மாத்திரைக்கு மேல்பூச்சு இருக்கும், அதை உடைக்கக் கூடாது, ஜெலுசில் மாதிரி மருந்தோடு சேர்த்தும் போடக் கூடாது என்று எங்கள் டாக்டர் சொல்லியிருந்தார்.

மெடிக்கல்_மேசை:
சரியாகச் சொன்னீர்கள். காவிரிக்கரை, அடுத்த தடவை போகும்போது வீட்டிலிருக்கும் எல்லாப் பட்டையையும், அந்தக் கஷாயப் பொடியையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டர் மேசையில் கொட்டிவிடுங்கள். எலும்புக்குக் கால்சியம், வைட்டமின் டி வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள்.