ஹீட் பம்ப் குழாயை 12 மீட்டர் நீளத்துக்குத் தரைக்குள் புதைக்கலாமா?

கேள்வி:
வணக்கம். புது வீடு. சுவரும் கூரையும் முடிந்தன. தரைக் கான்கிரீட் இன்னும் போடவில்லை, உள்பூச்சும் தொடங்கவில்லை. 8 கிலோவாட் மோனோபிளாக் ஹீட் பம்ப் வரப்போகிறது, அதாவது வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் இயந்திரம், முழுவதும் ஒரே பெட்டியாக வெளியே நிற்கும். கீழே தரைக்குள் சூடாக்கும் குழாய்கள், மாடியில் ரேடியேட்டர்கள்.

வெளி யூனிட் பின்பக்கம். வெந்நீர் டேங்க் முன்பக்கம், படிக்கட்டுக்குக் கீழே. இடையில் 12 மீட்டர். 22 மி.மீ. செம்புக் குழாய் போதும், தரைக்குள் புதைத்துவிடலாம் என்கிறார் பிளம்பர். எனக்கு மனசு ஒப்பவில்லை. குளிர்காலத்தில் தண்ணீர் உறையும் இடம் வேறு. கரண்ட் போனால் வெளியே இருக்கும் குழாய் வெடித்துவிடாதா?

பதில் 1:
22 போதாது. பாய்லர் வேலையில் பழகியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பழைய பாய்லர் அமைப்பில் போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் 20 டிகிரி வரை வித்தியாசம் வைப்பார்கள். ஹீட் பம்ப்பில் 5 டிகிரிதான். அதே வெப்பத்துக்கு நான்கு மடங்கு தண்ணீர் ஓட வேண்டும்.

8 கிலோவாட்டுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 23 லிட்டர் வரும். 22 மி.மீ. செம்பில் அது நொடிக்கு 1.2 மீட்டர் வேகம், 28-இல் 0.7 மீட்டர். அழுத்த இழப்பு 22-இல் மூன்று மடங்குக்கும் மேல். போக 12, வர 12, அப்புறம் எல்போக்கள் வேறு. பம்ப் திணறும், சத்தமும் கேட்கும். குறைந்தது 28 போடுங்கள்.

பிளாஸ்டிக் என்றால் உள்விட்டத்தைப் பாருங்கள். 2.9 மி.மீ. கனமுள்ள 32 மி.மீ. பெக்ஸ்தான் உள்ளே 28 மி.மீ. செம்புக்குச் சமம். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கிய மல்டிலேயர் குழாயில், இணைக்கும் ஃபிட்டிங்கின் உள்வழி இன்னும் குறுகிவிடும்.

பதில் 2:
குழாய் அளவு இருக்கட்டும், 12 மீட்டர் எதற்கு? கான்கிரீட் போடவில்லை என்கிறீர்கள். டேங்கைப் பின்சுவருக்கு அருகே நகர்த்த இப்போதுதான் வாய்ப்பு. பின்பக்கம் ஏதாவது அறை இருக்கிறதா? குளியலறை எந்தப் பக்கம்?

கேட்டவர்:
துணி துவைக்கும் அறை பின்பக்கம்தான், வெளி யூனிட்டிலிருந்து 2 மீட்டர். குளியலறையும் அதற்கு மேலேயே. சமையலறை மட்டும் முன்பக்கம். அங்கே வெந்நீர் வரத் தாமதமாகாதா?

பதில் 2:
ஆகும், ஆனால் பொறுத்துக்கொள்ளலாம். 15 மி.மீ. செம்பில் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.15 லிட்டர் நிற்கும். 10 மீட்டர் என்றாலும் ஒன்றரை லிட்டர். பெரிய குழாயில் நாள் முழுக்கச் சூடான தண்ணீரைச் சுற்றவிடுவதைவிட இது மேல். டேங்கைத் துணி துவைக்கும் அறையிலேயே வைத்துவிடுங்கள். டேங்க் நிரம்பினால் கனம் அதிகம், தரை தாங்குமா என்று கட்டுமானக்காரரிடம் கேளுங்கள்.

பதில் 3:
நானும் அதே கட்சி. புதைத்த குழாய் ஒழுகினால் தரையை உடைப்பதைத் தவிர வழியில்லை. எப்படியும் புதைத்தே ஆக வேண்டும் என்றால், இணைப்பே இல்லாத ஒரே நீளக் குழாயை ஸ்லீவுக்குள், அதாவது பெரிய உறைக்குழாய்க்குள், விடுங்கள். ஸ்லீவில் 90 டிகிரி எல்போ வைத்தால் குழாய் உள்ளே போகாது. இரண்டு 45 வையுங்கள்.

உறைவதைப் பற்றி: மோனோபிளாக்கில் வெளியே ஓடுவது தண்ணீர்தான், ஆகவே உங்கள் பயம் நியாயமானது. ஒன்று, உறையாமல் தடுக்கும் கிளைக்கால் திரவத்தைத் தண்ணீரில் கலக்க வேண்டும், அல்லது ஆன்டிஃப்ரீஸ் வால்வு வைக்க வேண்டும். கிளைக்கால் தண்ணீரின் வெப்பம் சுமக்கும் திறனைக் குறைக்கும், கெட்டியாகவும் ஆக்கும். வால்வு, தண்ணீர் சுமார் 3 டிகிரிக்கு இறங்கியதும் தானே திறந்து வடித்துவிடும். போகும் குழாயில் ஒன்று, திரும்பும் குழாயில் ஒன்று, வெளியே தாழ்ந்த இடத்தில். அவற்றின் மேல் இன்சுலேஷன் சுற்றக்கூடாது, சுற்றினால் குளிரை உணராது. என் ஓட்டு வால்வுக்கே.

ஒன்று கேட்க மறந்தேன்: யூனிட்டுக்கு அருகே ஜன்னல் உண்டா? ஆர்290, அதாவது ப்ரொபேன் வாயுவில் ஓடும் யூனிட் என்றால், கசியும் வாயு தீப்பற்றக்கூடியது, காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். கதவு, ஜன்னல், சாக்கடை மூடி ஆகியவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று கையேட்டில் படம் இருக்கும். ஸ்லீவ் ஓட்டையையும் இறுக்கமாக அடைக்க வேண்டும்.

கேட்டவர்:
ஆர்290தான். துணி துவைக்கும் அறை ஜன்னல் நேர் மேலே இருக்கிறது. யூனிட்டைச் சுவரோடு பக்கவாட்டில் நகர்த்தினாலும் குழாய் 4 மீட்டரைத் தாண்டாது. சுவரில் என்ன ஓட்டை விடச் சொல்லட்டும்?

பதில் 3:
28 மி.மீ. குழாய்மேல் 19 மி.மீ. இன்சுலேஷன் சுற்றினால் 66 மி.மீ. ஆகும். 110 மி.மீ. ஸ்லீவ் இரண்டு, மின்சாரக் கேபிளுக்கும் கன்ட்ரோல் கேபிளுக்கும் தனித்தனியாகச் சின்னது ஒவ்வொன்று. எல்லாம் வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கட்டும், மழைத் தண்ணீர் உள்ளே வராது. வெயில் படும் இடத்தில் புற ஊதாக் கதிரைத் தாங்கும் உறை வேண்டும்.

குளிரில் யூனிட் தன்மேல் படியும் பனியை உருக்கி நீக்கும்போது வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டும். அதை நடைபாதைப் பக்கம் விடாதீர்கள், உறைந்து வழுக்கும். யூனிட்டுக்குக் கீழே ஜல்லிக் குழி எடுத்துவிடுங்கள். பூச்சுக்கு முன் அழுத்தச் சோதனை பார்த்து, டேப்பை வைத்து அளவு தெரியும்படி ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.