ஜெபத்தில் அமைதியாக உட்கார எப்படிப் பழகுவது?

பாளை_வாசி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். விடியற்காலையில் ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், அப்புறம் ஜெபக்குறிப்பு நோட்டு. அத்தையின் சர்க்கரை, கொழுந்தனின் வேலை, ஆலயக் கட்டட வேலை என்று வரிசையாகச் சொல்லி ஆமென் போட்டுவிடுவேன். ஒன்றும் கேட்காமல் கர்த்தருடைய சமுகத்தில் கொஞ்ச நேரம் இருக்க ஆசை. உட்கார்ந்தால், யூனிஃபார்ம் காய்ந்ததா, மாவு பொங்கி வழிந்திருக்குமா என்றுதான் ஓடுகிறது. எங்கள் சபையில் ஒரு அக்கா, "மனசைக் காலியாக வைத்தால் வேறு ஆவி புகுந்துவிடும்" என்கிறார்கள். அதுவும் பயமாக இருக்கிறது.

ஓய்வு_டீச்சர்:
தங்கச்சி, மனதைக் காலியாக்க வேண்டாம். ஒரே ஒரு வசனத்தை அதற்குக் கொடுங்கள். கர்த்தருடைய வேதத்தில் இரவும் பகலும் தியானமாயிருக்கிறவன் பாக்கியவான் என்று முதலாம் சங்கீதமே சொல்கிறதே, அந்த அக்காவிடம் அதைக் காட்டுங்கள். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கிகோ என்ற, கர்த்தூசியர் எனும் துறவற சபையைச் சேர்ந்த துறவி இதை நான்கு படியாக எழுதிவைத்தார்: வாசிப்பது, அதைச் சிந்திப்பது, அதிலிருந்து ஜெபிப்பது, பிறகு தேவனில் இளைப்பாறுவது. நாம் பெரும்பாலும் முதல் படியிலிருந்து மூன்றாவதுக்குத் தாவிவிடுகிறோம்.

மாற்கு 10இல் பர்திமேயு பகுதியை எடுங்கள். ஏழே வசனம். வாய்விட்டு, நிதானமாக, இரண்டு தரம் வாசியுங்கள். குருடன் கூப்பிடுகிறான், ஜனங்கள் அதட்டுகிறார்கள், இயேசு நிற்கிறார். அந்த இடத்தில் நீங்களும் நின்றுவிடுங்கள். "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று கேட்கிறார். அதை உங்களிடம் கேட்பதாக வைத்துக்கொண்டு, பதில் சொல்ல அவசரப்படாமல் இருங்கள். எனக்கு அந்தக் கேள்விக்கு நோட்டில் எழுதாத ஏதோ ஒன்றுதான் பதிலாக வரும். ஒருநாள் என் தம்பிமேல் இருந்த கோபம் வந்தது. அழுதேன், அவ்வளவுதான் அன்றைய ஜெபம்.

யூனிஃபார்ம் நினைவு வந்தால் விரட்டாதீர்கள். "ஆண்டவரே, பிள்ளைக்கு இன்று பரீட்சை" என்று அவரிடமே சொல்லிவிட்டு வசனத்துக்குத் திரும்புங்கள். ஆரம்பத்தில் ஐந்து நிமிஷம் போதும்.

மணப்பாடு_கடல்:
நான் கத்தோலிக்கன். எங்களுக்கு இரவில்தான் இது. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் வரும் ஆன்மச் சோதனை, அதாவது அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஜெபம். திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் அங்கீகரித்த நூல் அது. முதலில் நன்றி, பிறகு தூய ஆவியின் ஒளி கேட்பது, அப்புறம் காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாகப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கு ஒரு தீர்மானம். வலை பின்னிக்கொண்டே என் அப்பா இதைச் செய்வார். யாரிடம் கடிந்து பேசினோம் என்று வரும்போது கை நின்றுவிடும்.

பாளை_வாசி:
இரண்டு பேருக்கும் நன்றி. டீச்சரம்மா, அப்படியானால் ஜெபக்குறிப்பு நோட்டை என்ன செய்ய? அத்தைக்காக ஜெபிக்காமல் விட மனசு வராது.

ஓய்வு_டீச்சர்:
விடவே கூடாது, பரிந்து பேசுவதும் நமக்குக் கொடுக்கப்பட்ட ஊழியம். முதலில் பர்திமேயு, பிறகு நோட்டு. பெயரைச் சொன்னதும் அடுத்த வரிக்குப் போகாமல், அத்தையின் முகத்தை நினைத்து ஒரு மூச்சு நில்லுங்கள். நோட்டு முழுவதும் ஒரே நாளில் முடியவேண்டும் என்றில்லை. திங்கள் குடும்பம், செவ்வாய் சபை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.