‘மேலிழைப்பு’: வாகனப் பூச்சின் நுண்கீறல்களைப் போக்கும் பணிக்கு ஒரு சொல்

அன்புடையீர்,

வாகனத்தின் வெளிப்பூச்சில் விழுந்த மெல்லிய கீறல்களைத் தேய்த்துப் போக்கும் பணியைப் பட்டறைகளில் ‘பெயின்ட் கரெக்சன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் கலைச்சொல் குழுவின் இந்த மடல் தொடரில் இதுவரை வண்ணத் திருத்தம், மெருகேற்றம், கீறல் நீக்கம் ஆகிய மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றுமே எளியவை, படித்தவுடன் ஏதோ ஒன்று விளங்கவும் செய்கிறது. ஆனால் அந்தப் பணியில் உண்மையில் நடப்பது என்ன என்பதை மூன்றும் சொல்லவில்லை என்பதே என் தயக்கம்.

வண்ணத் திருத்தத்தை விரைவாகவே ஒதுக்கிவிடலாம். ஒளிப்படக் கலையிலும் திரைத்துறையிலும் அச்சொல் நிற அளவுகளைச் சீர்செய்வதற்கு ஏற்கெனவே வழங்கிவருகிறது. அதைவிட முக்கியமானது, இப்பணியில் வண்ணத்தை யாரும் தொடுவதே இல்லை. இன்றைய வாகனங்களில் உலோகத்தின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அடிப்பூச்சு, நிறப்பூச்சு ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்க, அனைத்துக்கும் மேலாக ‘கிளியர் கோட்’ எனப்படும் நிறமற்ற மேற்பூச்சு இருக்கிறது. மெல்லிய கீறல்கள் இந்த மேற்பூச்சிலேயே தங்கிவிடுகின்றன. தேய்ப்பும் அதோடு நின்றுவிட வேண்டும். (கிளியர் கோட்டைத் ‘தெளிபூச்சு’ என்று எழுதினால் தெளித்துப் பூசுவது என்றும் பொருள்படும் என்பதால், நிறமற்ற மேற்பூச்சு என்றே இங்கு எழுதுகிறேன். அது தனி விவாதத்துக்கு உரியது.)

மெருகேற்றம் நல்ல சொல். ஆனால் அது விளைவின் பெயர், வினையின் பெயரன்று. மெழுகு பூசினாலும் மெருகு ஏறும், நன்றாகக் கழுவித் துடைத்தாலும் ஓரளவு ஏறும். மேலும் ‘ஏற்றம்’ என்றதும் எதையோ கூட்டுகிறோம் என்ற எண்ணம் வருகிறது. இங்கோ கழிப்பது மட்டுமே நடக்கிறது. மெழுகு முதலிய காப்புப் பொருள்களைப் பூசி முடிக்கும் இறுதிக் கட்டத்துக்கு அச்சொல்லை வைத்துக்கொள்வதே பொருத்தம்.

பெரும்பாலோர் ஆதரித்த ‘கீறல் நீக்கம்’ சற்று விரிவாகப் பார்க்க வேண்டியது. கீறல் என்பது ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பொருளன்று, எடுத்து அப்புறப்படுத்துவதற்கு. அது ஒரு பள்ளம். பள்ளத்தின் விளிம்புகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் கருநிற வாகனத்தில் அது வெண்கோடாகக் கண்ணில் படுகிறது. அந்த இடத்தைத் தண்ணீரால் நனைத்தால் கோடு மறைந்துவிடுவதையும், ஈரம் உலர்ந்ததும் திரும்பத் தோன்றுவதையும் எவரும் பார்க்கலாம். பள்ளத்தைத் தண்ணீர் நிரப்பும்வரை ஒளி சிதறுவது குறைகிறது, அவ்வளவுதான். இப்பள்ளத்தைப் போக்க இருக்கும் நேர்வழி ஒன்றே: அதன் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்து இறக்குவது. ஆகவே ‘நீக்கம்’ நிகழ்வது உண்மைதான். ஆனால் நீங்குவது கீறலன்று, கீறல் விழாத நல்ல பூச்சு.

இதைச் சொல் நுணுக்கம் என்று சிலர் நினைக்கலாம். பெயர் தவறாக அமைந்தால் பயன்படுத்துவோர் தவறாக நடப்பார்கள் என்பதற்கு இத்துறையே சான்று. நிறமற்ற மேற்பூச்சின் தடிமன் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான். தலைமயிர் ஒன்றின் பருமனைவிடக் குறைவு. அதிலும் தகட்டின் விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் இன்னும் மெலிதாகவே இருக்கும். ஒவ்வொரு தேய்ப்பிலும் அதில் சிறிது குறைகிறது. குறைந்தது மீண்டும் வளராது. வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தாங்கி நிறப்பூச்சைக் காப்பதும் இதே மேற்பூச்சுதான் என்பதால், மிகுதியாகத் தேய்ந்த இடம் சில காலத்தில் வெளிறி உரியத் தொடங்கும். ‘கீறல் நீக்கம்’ என்று கேள்விப்படும் உரிமையாளர், அழுக்கு நீக்கத்தைப் போல அதையும் வேண்டும்போதெல்லாம் செய்துகொள்ளலாம் என்று நம்புவதில் வியப்பில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. கீறல்களை எண்ணெய்ப் பசையுள்ள நிரப்பிகளால் மூடி மறைக்கும் குழம்புகளும் ‘கீறல் நீக்கி’ என்ற பெயரிலேயே விற்கப்படுகின்றன. சில கழுவல்களில் நிரப்பி கரைந்துபோக, பழைய கோடுகள் அப்படியே வெளிவரும். நீர்கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்தாலே எது போனது, எது ஒளிந்திருந்தது என்பது தெரிந்துவிடும். இதற்கு நேர்மாறாக, 2005-இல் நிசான் நிறுவனம் அறிவித்ததைப் போன்ற தானே சீராகும் மேற்பூச்சுகளில், மெல்லிய கீறல்கள் எவ்விதத் தேய்ப்புமின்றி மறைகின்றன. மறைப்பது, தானே சீராவது, தேய்த்து இறக்குவது ஆகிய மூன்றையும் ஒரே பெயர் தழுவிக்கொண்டால் அது கலைச்சொல் ஆகாது.

எனவே செயலைச் சொல்லும் வேர் ஒன்றைத் தேடினேன். தேய்த்தல் பொதுப்படையானது, அராவுதல் அரத்தை நினைவூட்டும் வன்மையான சொல், பட்டைதீட்டல் மணிக்கற்களுக்கு உரியது. எஞ்சியது இழைத்தல். தச்சர் இழைப்புளியால் பலகையை இழைக்கும்போது ஒரு வடுவை மட்டும் எடுப்பதில்லை. சுற்றுப்பரப்பு முழுவதையும் சீவி வடுவின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறார். பலகை வழவழப்பாகிறது, அதே அளவுக்கு மெலிந்தும்விடுகிறது. நமக்கு வேண்டிய பொருள் இரண்டும் அந்த ஒரு வினையில் அடங்கியிருக்கின்றன.

முதலில் ‘பூச்சு இழைப்பு’ என்றே எழுதிப் பார்த்தேன். புணர்ச்சி விதிப்படி சேர்த்தெழுதினால் ‘பூச்சிழைப்பு’ ஆகிறது. படிப்பவர் கண்ணில் பூச்சி வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே, மேல் அடுக்கோடு நிற்கும் வேலை என்ற எல்லையையும் சேர்த்துச் சொல்லும் ‘மேலிழைப்பு’ என்பதை முன்மொழிகிறேன்.

எழக்கூடிய மறுப்புகளில் வலுவானது, இழை என்றால் நூல் என்பதே. மேலிழைப்புக்குப் பின் துடைக்கப் பயன்படும் துணிக்கும் நுண்ணிழைத் துணி என்றுதான் பெயர். இந்த மடல் தொடரையும் நாம் இழை என்றே அழைக்கிறோம். ஆயினும் ‘இழைப்பு’ என்ற தொழிற்பெயர் வடிவம் நூற்பொருளில் வருவதில்லை என்பதால், ஒரே பத்தியில் இரண்டும் வந்தாலும் மயக்கம் நேராது என்று கருதுகிறேன். தீங்கிழைத்தல் என்ற வழக்கைச் சுட்டி யாரேனும் நகைத்தால், மேற்பூச்சின் தடிமனை அளவுமானியால் பாராமல் தேய்ப்பவருக்கு அந்தப் பொருளும் பொருந்தும் என்பேன்.

இவ்வேரின் பெரும்பயன் அதன் கிளைச்சொற்களில் இருக்கிறது. பட்டறைகளில் ‘கட்டிங்’ எனப்படும் முதற்கட்டத்தில், கடினமான நுரைப்பஞ்சு அல்லது கம்பளித் திண்டும், பருமனான அலுமினியம் ஆக்சைடுத் துகள்களும் கொண்டு ஆழமான கோடுகளைத் தீர்க்கிறார்கள். அந்தத் தேய்ப்பே மங்கலான நுண்தடங்களை விட்டுச்செல்வதால், மென்மையான திண்டும் நுண்துகளும் கொண்டு இரண்டாம் கட்டம் செய்யப்படுகிறது. வல்லினம், மெல்லினம் என்ற முறையைப் பின்பற்றி இவற்றை வல்லிழைப்பு, மெல்லிழைப்பு என்று வழங்கலாம். கருவி இழைப்பி ஆகும்: ஒரே அச்சில் மட்டும் சுழல்வது சுழலிழைப்பி, சுழற்சியோடு அலைவும் சேர்ந்தது, அதாவது ‘டிஏ (டூயல் ஆக்சன்) மெஷின்’, அலைவிழைப்பி. முன்னதை ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடேறி விளிம்புப் பூச்சு எரிந்துபோகக்கூடும் என்பதால் இந்த வேறுபாடு பெயரிலேயே தெரிவது நல்லது.

‘ஸ்வர்ல் மார்க்’ என்பதற்கு இத்தொடரில் ‘சுழல்கீறல்’ என்று எழுதப்பட்டுள்ள சொல்லை மட்டும் மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன். தவறாகக் கழுவித் துடைப்பதால் விழும் அக்கீறல்கள் பெரும்பாலும் வட்டமானவை அல்ல. எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக ஓடுபவை. அவற்றுள் விளக்கொளிக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மின்னுவதால், ஒளிப்புள்ளியைச் சுற்றி வட்டங்கள் இருப்பதாகத் தோன்றுகிறது. விளக்கை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். நுண்கீறல் என்பதே போதுமானது.

வரையறையாக இதை முன்வைக்கிறேன்: ‘மேலிழைப்பு: வாகனத்தின் நிறமற்ற மேற்பூச்சிலுள்ள நுண்கீறல்களின் அடிமட்டத்துக்குச் சுற்றுப்பரப்பைத் துகள்களால் தேய்த்து இறக்கிச் சமனாக்கும் பணி.’ குறுக்கே ஓட்டிய விரல் நகம் சிக்கிக்கொள்ளும் அளவுக்கு ஆழமான கீறலும், சாம்பல்நிற அடிப்பூச்சோ உலோகமோ வெளித்தெரியும் கீறலும் இந்த வரையறைக்குள் வாரா. அவற்றுக்கு மறுபூச்சே வழி. ஒளிர்வற்ற ‘மேட்’ பூச்சுகளும் வாரா, ஏனெனில் இழைத்த இடம் மட்டும் பளபளத்து நிரந்தரத் திட்டாகிவிடும்.

தேய்ப்புத் துகள்கள் கலந்த குழம்பான ‘ரப்பிங் காம்பவுண்டு’க்கு இன்னும் நிறைவான சொல் கிடைக்கவில்லை. களிம்பு என்றால் தடவி விட்டுவிடுவதாகப் படுகிறது. இதையோ முற்றிலும் துடைத்தெடுக்க வேண்டும். ‘இழைவிழுது’ என்பது என் விருப்பம். ஆனால் இன்று பல காம்பவுண்டுகள் ஊற்றும் பதத்தில் நீர்மமாக வருவதால் விழுது என்பது பொருந்துமா என்பதைக் குழுவினர் பார்த்துச் சொல்ல வேண்டும்.