வீட்ல தீ பிடிச்சா எப்படி வெளிய வர்றது, குடும்பமா பழகிப் பாத்தவங்க இருக்கீங்களா?

வேளச்சேரி வாசி:
ரெண்டாவது மாடி ஃப்ளாட், சின்னப் பசங்க ரெண்டு பேர், மாமியாருக்கு முட்டி வலி. போன வாரம் கீழ மீட்டர் பாக்ஸ்ல பொறி பறந்து மாடிப்படி பூரா புகை, பெருசா ஒண்ணும் ஆகல ஆனா அதுலேந்து எனக்கு தூக்கம் போச்சு. எல்லா ஜன்னலுக்கும் கம்பி, பால்கனில புறா வலை, வெளிய போக ஒரே வாசல், அந்த கிரில் கேட்டுக்கும் ராத்திரி பூட்டு. பசங்கள பயமுறுத்தாம இத எப்படி பழக்குறது?

மாடிவீட்டுக்காரன்:
முதல்ல அந்தப் பூட்டு சாவிய சொல்லுங்க, ராத்திரி எங்க இருக்கும்? பாதி வீட்ல அது அப்பா சட்டைப் பாக்கெட்ல இல்லனா ஃப்ரிட்ஜ் மேல. உள்பக்கம் கதவு ஓரமா, வெளிலேந்து கை எட்டாத இடத்துல ஒரு ஆணி அடிச்சு மாட்டுங்க, அத வேற எதுக்கும் யாரும் எடுக்கக் கூடாது. தீன்னா கரண்டும் போயிடும், அதனால லைட்ட அணைச்சுட்டு பெரியவனையே பூட்டத் திறக்கச் சொல்லிப் பாருங்க, அப்பதான் தெரியும்.

சுரேஷ் கே:
இதெல்லாம் ஓவர் சார், படுக்கப் போகும்போது கேஸ் ரெகுலேட்டர ஆஃப் பண்ணா போதும்.

மாடிவீட்டுக்காரன்:
@சுரேஷ் அவங்களுக்குப் புகை வந்தது மீட்டர் பாக்ஸ்லேந்து, ரெகுலேட்டர் என்ன பண்ணும்? இப்ப பாதிப் பேர் ஈ-ஸ்கூட்டர வேற படிக்கட்டுக்கு அடியிலதான் சார்ஜ் போடுறாங்க.

தஞ்சாவூர் பொண்ணு:
சின்னப் பசங்க பயந்தா கட்டிலுக்கு அடியில, பீரோ பின்னாடி ஒளிஞ்சுக்குவாங்க, அதத்தான் முதல்ல மாத்தணும். எங்க வீட்ல விளையாட்டாத்தான் சொல்லிக் குடுத்தோம், கண்ண மூடிக்கிட்டு செவத்தத் தடவிக்கிட்டே தவழ்ந்து வாசலுக்கு வரணும், புகை மேல நிக்கும் கீழதான் கொஞ்சம் மூச்சு விடலாம். மாஸ்க் போட்ட தீயணைப்பு வீரர் படத்தையும் காட்டி வைங்க, நேர்ல பாத்தா பூச்சாண்டின்னு ஓடிடும். பாட்டிய யாரு கூட்டிட்டு வர்றதுன்னு பேர் சொல்லி முடிவு பண்ணுங்க, "யாராவது பாத்துப்பாங்க"ன்னு விட்டா அவ்ளோதான். கீழ எல்லாரும் சேர ஒரு இடம், கேட்டுக்கு வெளிய, அங்க தலைய எண்ணிட்டு யாரும் திரும்ப உள்ள போகக் கூடாது, நகையோ ஃபோனோ எதுவா இருந்தாலும் சரி.

வேளச்சேரி வாசி:
நன்றிங்க. படிக்கட்டே புகையா இருந்தா மொட்டை மாடிக்கு ஏறிடலாமா?

மாடிவீட்டுக்காரன்:
வேண்டாங்க, புகையும் மேலதான் ஏறும், மொட்டை மாடி கதவப் பூட்டியிருந்தா நடுவுல மாட்டிக்குவீங்க. லிஃப்ட் பக்கமே போகாதீங்க. உங்க வீட்டு வாசக் கதவப் புறங்கையால தொட்டுப் பாருங்க, சுட்டா திறக்காதீங்க, உள்ளயே இருந்து கீழ் இடுக்குல ஈரத் துண்ட அடைச்சுட்டு ரோடு பக்கம் இருக்குற ரூமுக்குப் போய் அந்தக் கதவையும் சாத்திட்டு 101-க்கோ 112-க்கோ அடிங்க, ஜன்னல்ல துணிய ஆட்டுங்க. அந்த ரூம் ஜன்னல் கம்பிய மட்டும் வெல்டிங் கடைல சொல்லி கீல் வச்சு உள்ளேந்து திறக்குற மாதிரி மாத்திடுங்க, ஏணி வந்தா ஆள இறக்கலாம். வலைய வெட்ட பால்கனில ஒரு கத்திரிக்கோல்.

தஞ்சாவூர் பொண்ணு:
ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம், 1944 பம்பாய் துறைமுக வெடிவிபத்துல செத்துப்போன தீயணைப்பு வீரர்கள் நினைவா நடத்துறது. உங்க அசோசியேஷன் லெட்டர் குடுத்து பக்கத்து ஸ்டேஷன்ல கேட்டுப் பாருங்க, வந்து செஞ்சு காட்டுவாங்க. மீட்டர் பாக்ஸ் வயரிங்க மட்டும் அதுவரைக்கும் தள்ளிப் போடாதீங்க.